பேட்டரி தீர்ந்த பிறகு

உளுந்தைப் போட்டாயிற்று, கல் சுற்றுகிறது, இது பொங்கி மேலே வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும், இன்றைக்கு எழுதாமல் இந்த முக்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று காலைப் பூசையிலேயே முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்தேன், மாதாவிடமும் சொல்லிவிட்டேன், அவளிடம் சொன்ன பிறகு பின்வாங்க முடியாது. ஆனால் வலக்கை முழுக்க மாவு. அதனால் இடக்கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் எனக்கு எழுதுகோல். பேசினாலே போன் எழுதிக்கொள்ளும் என்று மகன் ரெமி சொல்லிக்கொடுத்திருக்கிறான், ஆனால் இந்தக் கடகடப்பில் அது என்னத்தைக் கேட்கும், கிரைண்டரை நிறுத்தலாம் என்றால் ஹாலில் இருக்கிற என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிடுவார், காது மந்தம்தான், இருந்தாலும் ஓடுகிற ஒன்று நின்றால் மட்டும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும், மில்லில் ஒரு மெஷின் நின்றாலே தூக்கத்தில் முழிக்கிற ஆள். வேண்டாம், ஓடட்டும். கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளித்தேன். எங்கே விட்டேன், ஆமாம், கருத்து. என் மகள் எடுத்த படத்துக்கு நான் கருத்து எழுத வேண்டும். படத்தின் பெயருக்குக் கீழே ஐந்து நட்சத்திரம் வெறும் கோடாக நிற்கிறது, தொட்டால் மஞ்சளாகும். அதற்குக் கீழே கட்டம். ‘உங்கள் கருத்தை இங்கே பதியுங்கள்.’ அதற்கும் கீழே மற்றவர்கள் எழுதியது, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது, எல்லாம் என்னைப் பற்றி. பாவம் அந்த அம்மா. அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்து அழுதேன். வாயில்லாத ஜீவன். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாயில்லாப் பூச்சி இருந்தது, என் அத்தை. பூச்சி என்று எழுதியவருக்கு எழுபத்திரண்டு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள். நான்தான் அந்த அம்மா. இப்போது உளுந்து ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

கருத்து எழுதுவது எனக்குப் புதிதில்லை. ரெமி பெங்களூரிலிருந்து வந்தபோது படம் பார்க்கிற இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்து, மா, நீங்க பாத்ததெல்லாம் போன்ல எங்கிட்ட சொல்றீங்கள்ல, அதையே இங்க எழுதுங்க என்றான், அப்படி ஆரம்பித்தது. தெருவில் கூடி ஜெபிக்கிற எங்கள் அன்பியத்துப் பெண்கள் எல்லாம் என்னைக் கேட்டுத்தான் வீட்டில் படம் போடுகிறார்கள். குளோரி அக்கா நேராகவே கேட்கும், ஜெசிந்தா, இத பேரப்புள்ளைகள வச்சுக்கிட்டுப் பாக்கலாமா, இல்ல ரிமோட்டக் கையிலயே வச்சிருக்கணுமா என்று. நான் எட்டாம் வகுப்பு, எனக்குக் கேமராக் கோணம் எல்லாம் தெரியாது, ஆனால் எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. படத்தில் ஒரு பெண்ணை அடித்துவிட்டு அதற்குப் பின்னால் சிரிப்புப் பாட்டு வைத்தால் ஒரு நட்சத்திரம் போச்சு. போலீஸ்காரர் பறந்து பறந்து அடித்த ஒரு படத்துக்கு, மூன்று மணி நேரத்தில் இந்த மனுஷன் ஒருவேளை கூடச் சாப்பிடவில்லை, இவருக்கு வீட்டில் யாரும் இல்லையா என்று எழுதினேன், அதை முந்நூறு பேர் பயனுள்ளது என்று அமுக்கியிருந்தார்கள், எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை. உப்பு ஏரிக்கு வரும் பறவைகளைப் பற்றி ஒரு ஆவணப்படம், பேச்சே கிடையாது, ஒற்றைக் காலில் நிற்கிறதும் தலையைத் தண்ணீருக்குள் விடுகிறதும்தான், அதற்கு ஐந்து கொடுத்தேன், ஜெபம் பண்ணுகிற மாதிரி இருந்தது என்று எழுதினேன். ஒரு பையன் ஒரு பெண் பின்னாலேயே பஸ் பஸ்ஸாக ஏறித் திரிகிற காதல் படத்துக்கு, எங்கள் தெருவில் இதைச் செய்திருந்தால் குளோரி அக்கா விளக்குமாற்றை எடுத்திருக்கும் என்று எழுதினேன், ஒருவர் வந்து கிழவி என்று திட்டினார். இருக்கட்டும். திட்டினவருக்கும் அன்றைக்கு ஒரு மன்றாட்டு சேர்த்துச் சொன்னேன். பார்த்ததைச் சொல்ல வேண்டும், பார்க்காததைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு. அதனால்தான் இது தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. இவர்கள் எல்லாரும் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பொய் யாரும் சொல்லவில்லை. மாவைத் தள்ளிவிடு, ஓரத்தில் ஒட்டுகிறது.

படத்தின் பெயர் ‘நான்கு சுவர் வெப்பம்’. எங்கள் அடுப்படிக்கு மூன்று சுவர்தான், நாலாவது பக்கம் கொல்லைக்குத் திறந்தே கிடக்கிறது, முருங்கை மரம் தெரியும், பெயரைக் கேட்ட அன்றைக்கே மகள் ஜோவிட்டாவிடம் சொன்னேன், சிரித்தாள். நல்ல பிள்ளை. ஒவ்வொரு விடுமுறைக்கும் கேமராவோடு வந்து என் பின்னாலேயே நின்றாள், நானும் பழகிவிட்டேன், அவள் சின்னதில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே இப்போது கேமரா நின்றது. படத்தில் நான் மீன் கழுவுகிறேன், துணி பிழிகிறேன், எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, என் முதுகு இவ்வளவு கூனிவிட்டதா என்று மட்டும் நினைத்தேன். பிறகு அந்தப் பூரிக் காட்சி. வலக்கையில் ஜல்லிக்கரண்டி, எண்ணெய் பொரிகிற சத்தம், வாசல் பக்கமிருந்து இவர் குரல். யாரைக் கேட்டு எலக்ட்ரீஷியனக் கூப்பிட்ட? எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கு மோட்டாரப் பத்தி என்ன தெரியும்? இந்த வீட்ல நான் ஒருத்தன் இருக்கேனா செத்துட்டேனா? ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் மேஸ்திரி, கத்திப் பேசினால்தான் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்கும், அந்தத் தொண்டை வீட்டுக்கு வந்தும் இறங்கவில்லை, அதைச் சொன்னால் சாக்குச் சொல்வதாகிவிடும், கத்தினது கத்தினதுதான். நான் திரும்பவில்லை. வாய் திறக்கவில்லை. பூரியைத் திருப்பிப் போடுகிறேன். கேமரா மெள்ளக் கீழே இறங்கி என் இடக்கைக்கு வருகிறது. கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு அசைகிறது. அதையே காட்டுகிறது, காட்டுகிறது, பிறகு இருட்டு. அந்த இருட்டைப் பற்றித்தான் இவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ‘அந்த விரல்களின் நடுக்கத்தில் ஒரு தலைமுறைப் பெண்களின் அச்சத்தைக் கண்டேன்.’ நிலவன் என்று ஒருவர். நல்ல மனசுள்ளவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தம்பி, அது நடுக்கம் இல்லை. நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சட்டி முன்னால் மணியை எடுக்க முடியாது, விரல் கணுவைத் தொட்டுத்தான் எண்ணுவேன். மூன்றாவது பத்தில், ஏழாவது அருள் நிறைந்த மரியேயில் இருந்தேன். பத்து மரியே சேர்ந்த ஒரு பத்தைத் தொடங்கினால் நடுவில் நிறுத்திப் பேசுவதில்லை. வீட்டுக்குள் யார் என்ன கேட்டாலும் பத்து முடிந்து, பிதாவுக்கும் சுதனுக்கும் சொல்லிவிட்டுத்தான் பதில். பால் பொங்கினால் கூட கையால் அடுப்பை அணைப்பேன், ஜெபம் நிற்காது. அன்றைக்கும் முடித்தேன். முடித்துவிட்டுத் திரும்பினேன். திரும்பிச் சொன்னேன். அப்போது கேமரா ஓடவில்லை.

பொங்கி வருகிறது, நுரை விட்டு, வெள்ளையாக, இன்னும் கொஞ்சம் நேரம். நடுங்கியதே இல்லை என்று எழுதிவிடலாமா? முடியாது. அங்கேதான் விரல் நிற்கிறது. கல்யாணமான புதிதில், மில் லைன் வீட்டில், இவர் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிற சைக்கிள் மணி கேட்டாலே எனக்குக் கை குளிர்ந்துவிடும். காப்பி ஆறிவிட்டதென்று டம்ளரை எறிந்த அன்றைக்கு அது சுவரில் பட்டுச் சுழன்று என் காலடியில் வந்து நின்றது, நான் அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை, குழாயடிக்குப் போய்த் தண்ணீர்ச் சத்தத்தில் அழுதேன். அன்றைக்கு யாராவது கேமரா வைத்திருந்தால் நிலவன் தம்பி எழுதினதெல்லாம் அட்சரம் பிசகாமல் சரி. அந்த ஜெசிந்தாவுக்காக யாரும் அப்போது அழவில்லை, இப்போது அழுகிறார்கள், ஊர் பேர் தெரியாத எழுபத்திரண்டு பேர், அதை நான் எப்படி வேண்டாம் என்று தள்ளுவது? அவளுக்கு அது சேரட்டும். ஆனால் பூரி சுட்டவள் அவள் இல்லை. நடுவில் எத்தனையோ வருஷம் இருக்கிறது. உடனே பதில் சொன்னால் என் வாயில் அழுகைதான் வரும், பத்து முடித்துவிட்டுச் சொன்னால் பதில் வரும், இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு பிள்ளைகள் பிறந்து வளர வேண்டியிருந்தது. முதல்முறை அப்படித் திரும்பிப் பேசினபோது இவர் முழித்தார், பார்க்கப் பாவமாக இருந்தது, ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று பேசினால் எப்படி இருக்கும், அப்படி. அதற்குப் பிறகும் கத்தத்தான் செய்தார். நானும் பத்து முடித்துப் பதில் சொல்லத்தான் செய்தேன். இதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. வாயில்லாத ஜீவன் என்று மட்டும் இல்லை.

இப்போது மெஷின் மாதிரி இருப்பது அவர்தான், நின்றுபோன மெஷின். படம் வந்ததிலிருந்து டீக்கடைக்குப் போவதில்லை. பழைய மில்காரர்கள் கூடுகிற கடை, அங்கே ஒருத்தர், என்ன மேஸ்திரி, இன்னைக்கு வீட்ல யாருக்கு வெரல் நடுங்குது என்று கேட்டிருக்கிறார், எல்லாரும் சிரித்திருக்கிறார்கள், இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். வந்து என்னிடம் கத்தவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூடப் பின்வாசல் வழியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், நற்கருணை வாங்க எழுந்து வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் மெதுவாக, அவரால் முடிகிற மெதுவில், அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மெதுவில், ஜெசி, நீதான் எல்லாப் படத்துக்கும் எழுதுறியே, இதுக்கும் எழுதேன், அவர் தங்கமான மனுசன், ஒரு நாளும் அதட்டினதில்லன்னு எழுது என்றார். தங்கம்னு எழுத மாட்டேங்க என்றேன். அப்ப என்னன்னு எழுதுவ? நடந்ததை எழுதுவேன். நடந்ததை எழுதுனா நான் கத்துனதும் வருமே. வரும். அவர் ரிமோட்டை எடுத்து, டிவியைப் போடாமல், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரக்கப்பட்டு அவருக்காகத்தான் எழுதுகிறேனா? ஆண்டவரே, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். அவருக்காக மட்டும் என்றால் தங்கம் என்றே எழுதியிருப்பேன்.

போன் கையிலேயே அதிர்கிறது, ஜோவிட்டா. எடுத்தேன். மா, ரெமி சொன்னான், நீங்க ஏதோ எழுதப் போறீங்களாம்? ஆமாம்மா, எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன், என்ன சத்தமா இருக்கா, கிரைண்டர் ஓடுது. மா, கொஞ்சம் யோசிங்க, இப்பத்தான் படத்தப் பத்தி நாலு பேரு பேசுறாங்க, அடுத்த படத்துக்குப் பணம் போட ஆள் கிடைக்கிற நேரம், டைரக்டரோட அம்மாவே வந்து இது பொய்னு சொல்லிட்டாங்கன்னு ஆயிடும். பொய்னு நான் எங்க சொல்லப் போறேன் என்றேன். பிறகு கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்ததைக் கேட்டேன். ஜோவி, நான் விரல்ல எண்ணுறது ஒனக்குத் தெரியாதா? அங்கே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, சென்னை எப்போதும் இப்படித்தான், ஆள் பேசாவிட்டாலும் பஸ் பேசும். தெரியும்மா என்றாள். கையில் இருந்த மாவு காய்ந்து தோலை இழுத்தது. எடுக்கறப்பவே தெரியும், எடிட்டிங்ல போட்டுப் பாக்கறப்ப அது நடுங்குற மாதிரிதான் இருந்துச்சு, பாத்தவங்க எல்லாம் அழுதாங்க, நான் அத விட்டுட்டேன். நான் திரும்பிப் பேசுனது? அப்ப பேட்டரி தீந்துருச்சும்மா, நான் உள்ள போய்ட்டேன், அதுவுமில்லாம அப்பா கத்துனதுல எனக்கே அழுக வந்துருச்சு, ரூமுக்குள்ள ஒக்காந்து அழுதுட்டு இருந்தேன், நீங்க பேசுனது கதவு வழியாக் கேட்டுச்சு, ஆனா கேமராவுல இல்லயே, இல்லாதத எப்படிம்மா காட்டுறது? அவள் அழுதிருக்கிறாள். நான் நடுங்காத அன்றைக்கு என் பிள்ளை நடுங்கியிருக்கிறாள், கதவுக்கு அந்தப் பக்கம். இது எனக்குத் தெரியாது. சின்னதில் டம்ளர் பறந்தபோதெல்லாம் அவள் எங்கே இருந்தாள் என்று நான் யோசித்ததே இல்லை, கட்டிலுக்கு அடியிலா, கொல்லையிலா. அப்படியென்றால் அந்த நடுக்கம் என்னுடையது இல்லை, அவளுடையது, அதைக் கொண்டுவந்து என் விரலில் வைத்துவிட்டாள், வைப்பதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை. ஜோவி என்றேன். ம். ஒன் படத்துல பொய் இல்லம்மா. ஆனா நீ காட்ட முடியாதது எங்கிட்ட இருக்கு, நான் அத எழுதத்தான் போறேன், ஒங்கிட்ட கேட்டுட்டு இல்ல, சொல்லிட்டு எழுதுறேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி, ஸ்டாராவது நல்லாப் போடுங்க என்றாள். பாத்துப் போடுறேன் என்றேன். வைத்துவிட்டாள்.

எழுதினேன். ஒரு விரலால், வாக்கியம் வாக்கியமாக. நான்தான் இந்தப் படத்தில் வருகிற அம்மா. பெயர் ஜெசிந்தா, திண்டுக்கல். படம் நன்றாக இருக்கிறது, மீன் கழுவுகிற காட்சியில் தண்ணீர்ச் சத்தம் அப்படியே இருக்கிறது. என் கணவர் கத்தினது உண்மை. இளவயதில் நான் பயந்து நடுங்கினதும் உண்மை. அதற்காக அழுதவர்களுக்கு நன்றி. ஆனால் பூரி சுட்ட அன்று நான் நடுங்கவில்லை, விரலில் ஜெபமாலை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து முடிந்த பிறகு திரும்பி, எட்டாங்கிளாஸ் படித்தவள்தான் கூப்பிட்டேன், மோட்டார் இப்போது ஓடுகிறது, பூரி தட்டில் இருக்கிறது, கிழங்கு சட்டியில் இருக்கிறது, நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள், எனக்குப் பூசைக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். இதைக் கேமரா எடுக்கவில்லை, என் மகள் மேல் தப்பு இல்லை. கதவுக்குப் பின்னால் அழுத பிள்ளைகளைப் பற்றியும் அவள் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நிறுத்தினேன். இனி நட்சத்திரம். பெண்ணை அடித்ததற்குக் குறைக்க இடமில்லை, சிரிப்புப் பாட்டும் இல்லை. ஐந்து போட்டால் தாய்ப்பாசம் என்பார்கள், மூன்று போட்டால் பிள்ளை மனசு உடைந்துபோகும், ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. நான்கை அமுக்கினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: வேறு பேட்டரி கையில் வைத்துக்கொள்ளாததற்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன். பிறகு பதிவிடு என்பதைத் தொட்டேன். வட்டம் சுற்றியது. போய்விட்டது. இனி அழைத்தாலும் வராது. பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, பாரம் இறக்கி வைத்த தலை மாதிரி, லேசாகவும், வலித்துக்கொண்டும் இருந்தது.

மாவை வழித்துப் பாத்திரத்தில் எடுத்து, கல்லைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் என் கருத்துக்குக் கீழே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். திட்டியிருப்பார் என்றுதான் திறந்தேன். நிலவன். ‘அம்மா, நீங்கள் கோயிலுக்குப் போன பிறகு ஐயா என்ன செய்தார்?’ அவ்வளவுதான். என்ன செய்தார்? எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது, ஜோவிட்டா கழுவியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன், அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இவ்வளவு நாள் என் மனசுக் கேமராவும் அந்த இடத்தில் நின்றுதான் போயிருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். கிரைண்டர் நின்றதில் அவர் ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன், அவர் காதுக்கு எட்டுகிற மாதிரி உரக்க, கத்தினது உண்மை என்ற இடத்தையும் விட்டுவிடாமல். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தம்பி ஒண்ணு கேக்குது என்று அதையும் வாசித்தேன். என்ன எழுதட்டும்? எனக்குப் பொறுத்திருக்கத் தெரியும், பொறுத்திருந்தேன். தொண்டையைச் செருமினார், கத்தப் போகிறார் என்றே நினைத்தேன். நானே போட்டுச் சாப்பிட்டேன்னு எழுது என்றார், நான் குனிந்து கேட்க வேண்டியிருந்த குரலில். எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார், விரல் ஒவ்வொரு எழுத்தாகப் போவதை. தட்டக் கழுவி வச்சேன்னும் எழுது. அதையும் எழுதினேன். அப்புறம் என்னங்க என்றேன். கெழங்குல உப்பு பத்தல, அத எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய், டீக்கடைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையைத் தேடத் தொடங்கினார்.